கடனாளிக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லை

காலை பத்தேகால் மணி. மாடியில் நான்கு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். கீழே அடுப்படியில் கிதுர் பாத்திமா றால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்துச் சட்டியில் போடுகிற வேலை. கை அதுபாட்டுக்குச் செய்யும். காது மேலே இருந்தது. நான்கு நடையும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. குதிகாலை ஊன்றி மெதுவாக நடப்பவர் ரிசீவர் ஆறுமுகநயினார். திவாலான ஆளின் சொத்து எது எது என்று பார்த்து எழுத கோர்ட் அனுப்பிய வக்கீல். நின்று நின்று நடப்பது அவருடைய கிளார்க், நிற்கும்போதெல்லாம் எழுதுகிறான் என்று அர்த்தம். செருப்பைக் கழற்றாமல் ஏறியவர் லிங்கதுரை, கடன் கொடுத்த பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல். அந்தச் செருப்பு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதை அவள் முதுகு உணர்ந்தது. நேற்றுதான் இளைய மகள் ருகையா அந்தத் தரையை டெட்டால் விட்டுத் துடைத்தாள். நாலாவது நடைக்குச் சத்தமே இல்லை. அது திவாலானவர், அவள் புருஷன் மொகுதூம், இந்த ஊர்ப் பேச்சில் மாப்பிள்ளை. இருபத்து மூன்று வருஷமாக இந்த வீட்டில் அவர் அப்படித்தான் நடக்கிறார், யாரோ தூங்குகிற அறையைக் கடந்து போகிறவர் மாதிரி. அவர் நடப்பதைக் கேட்க முடியாது. மற்ற மூன்று சத்தத்துக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கும், அங்கே அவர் இருப்பார்.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. பெண் பிள்ளை பிறந்த அன்றே வாப்பாமார் மனை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார், மௌத்தாகிறவரை அங்கேதான். அவர் பிறந்த வீடு அவருடைய உடன்பிறந்தாளுக்குப் போய்விடும், பெருநாளைக்குப் பெருநாள் அங்கே போய் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டு வருவார். கிதுர் பாத்திமாவுக்கு உம்மா கொடுத்தது இந்த வீட்டின் கீழ்த்தளமும் கடைத்தெருவில் இரண்டு கடைகளும். கடை வாடகையில் அடுப்பு எரிந்தது. மாடி பிறகு வந்தது, ஒன்பது வருஷம் முன்பு, மொகுதூமின் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் தூத்துக்குடியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது. கீழ்த்தளம் மூத்தவள் ஹவ்வாவுக்கு என்று எழுதியாகிவிட்டது. அவளுக்குக் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை துபாயில். மாடி இளையவள் ருகையாவுக்கு. ருகையாவுக்குப் பேசி வைத்திருக்கிற இடத்திலிருந்து மைமூன் மாமி போன வாரம் பின்பக்க முடுக்கு வழியாக வந்தாள். தெருவில் ஆண்கள் நடக்க, பெண்கள் வீட்டுக்கு வீடு போக இந்த ஊரில் முடுக்குகள் உண்டு. வந்தவள் தேயிலையைக் குடித்தாள், ஹவ்வாவின் பிள்ளையைக் கொஞ்சினாள், எழுந்திருக்கும்போது சொன்னாள்: "மாடி விஷயம் ஒரு தெளிவுக்கு வரட்டும் புள்ள. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு இந்த ஊரில் யாரும் வர மாட்டார்கள் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல மைமூன் மாமியால்தான் முடியும். றாலின் கொம்பு ஒன்று பெருவிரல் நகத்துக்குள் ஏறியது. எடுத்துப் பார்த்தாள், ரத்தம் இல்லை. மேலே இரும்பைத் தட்டுகிற சத்தம். கிரில்லைத் தட்டுகிறார்கள்.

கிரில். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போய் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மாடி வராந்தாவுக்குக் கிரில் போடும்போது வெல்டர் வந்து என்ன டிசைன் என்று கேட்டான். பூ போடச் சொல்லு என்று அவள் ஹவ்வாவிடம் சொல்லியனுப்பினாள். மல்லிகைக் கொடி மாதிரி ஒரு டிசைன் அப்போது எல்லா வீட்டிலும் இருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பூ இல்லை. நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆள் உயரத்துக்கு மூன்று இங்கிலீஷ் எழுத்து, எம் எல் எம். மொகுதூமும் அவர் வாப்பாவும் பாட்டனாரும். வெள்ளிப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவர் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை அவள் அவரிடம் நிக்காஹ் அன்றுகூடப் பார்த்ததில்லை. அப்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. முடுக்கு வழியாக வந்த பெண்கள் மாடியேறிப் பார்த்தார்கள். "உம்மா வூட்டுக்கு மாப்புள பேரு போட்டிருக்காஹ, நாளைக்கு வாசல்ல மீசையும் வரைஞ்சிருவாஹளோ" என்று பக்கத்து வீட்டு ஜெய்னம்பு கேட்டாள். அவளும் சிரித்துவிட்டாள். ராத்திரி படுக்கும்போதுதான், இந்த மனுஷனுக்குப் பெயர் எழுதிக்கொள்ள உலகத்தில் ஒரு சுவர் கிடையாது என்பது புத்தியில் உறைத்தது. பிறந்த வீட்டுச் சுவர் தங்கச்சிக்கு. இருக்கிற வீட்டுச் சுவர் பெண்டாட்டிக்கு. கடைச் சுவர் வாடகை. அதனால் காற்றில் எழுதிக்கொண்டார், இரும்பால். இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டாள். அந்த மூன்று எழுத்தைத் தெருவிலிருந்து போட்டோ எடுத்து லிங்கதுரை கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். தன் பெயரைப் பொறித்துக்கொண்ட வீடு வேறு யாருடையதாக இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறார். வெளியூர்க்காரர் கேட்கிற கேள்விதான். இந்த ஊர்க்காரனுக்குத் தெரியும், சொந்த வீடு உள்ளவன் எவனும் பெயர் போட மாட்டான்.

நாலு நாளைக்கு முன்பு ஜக்கரியா காக்கா வந்து, வெல்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அஞ்சு நிமிஷத்து வேலை, அறுத்துப் போட்டுவிட்டுப் பூ வைத்துவிடலாம் என்றார். காக்கா அவளுக்கு மூத்தவர், உடன்பிறந்தவர்களில் ஒரே ஆண். எந்தக் காரியத்துக்கும் அவரிடம் அஞ்சு நிமிஷத்து வேலை ஒன்று இருக்கும். "அறுக்கப்படாது" என்றாள். "ஏன்?" "நான் விட்டது. என் வீட்ல நான் எழுத விட்டது. அவனுவளுக்குப் பயந்து ஏன் அறுக்கணும்?" காக்கா அவளைக் காய்ச்சல் கண்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு இன்னொரு அஞ்சு நிமிஷத்து வேலையை எடுத்தார்: மாடி கட்டின காசு வாப்பா கொடுத்தது என்று சொல்லிவிடு. வாப்பா மௌத்தாகிப் பன்னிரண்டு வருஷம். மாடிக்கு ஒன்பது. "மௌத்தானவுஹ கொடுத்த காசுக்கு ரசீதா கேப்பானுவ" என்றார் காக்கா. வாப்பா கடைசி இரண்டு வருஷம் மருந்துக்கு இவளிடம் கை நீட்டினார், நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கையில் இப்போது நான்கு லட்ச ரூபாயைத் திணித்து மாடி கட்டச் சொல்ல வேண்டுமாம். முடியாது. திருச்செந்தூரில் மாப்பிள்ளைக்கு வக்காலத்து போட்டவர் இன்னும் சுலபமான வழி வைத்திருந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், பொம்பளை தெரியாது என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்றார். போனில் அவர் சொன்னதை ஸ்பீக்கரில் மூன்று பேர் கேட்டார்கள். ஹவ்வா வாயைப் பொத்திக்கொண்டாள். எதைத் தெரியாது? எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது என்று தெரியும். கொத்தனாருக்குப் பதினோரு மணிக்கு டீயும் மூன்று மணிக்குக் கஞ்சியும் ஐந்து மாதம் கொடுத்தவள். சித்தாள் ஒருத்திக்கு நிறைமாதம், அவளை மண் சுமக்க விடாமல் அடுப்படியில் உட்கார வைத்து வெங்காயம் உரிக்கச் சொன்னவள். கொத்தனார் குடித்த டீக்கு யார் பெயரும் மாடியில் இல்லை.

டீ என்றதும் டீ ஞாபகம் வந்தது. "ருகையா" என்று கூப்பிட்டாள். ருகையா முடுக்கு வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள். ஏற்கனவே ஒரு தடவை மேலே தேயிலை கொண்டுபோய்விட்டாள், காலி கிளாசுகள் தட்டில் இருந்தன. "அந்தச் செருப்புக்கார வக்கீல் ரெண்டு பணியாரம் எடுத்துக்கிட்டாரும்மா. நல்லாருக்கே, யாரு சுட்டதுன்னு கேக்குறாரு." "நீ என்ன சொன்னே?" "எங்க உம்மான்னேன். உடனே அந்த ரிசீவர் சொல்றாரு, இதையும் எழுதிக்கிடலாமான்னு. அந்தாளு கொஞ்சம் தமாசு." "வாப்பா என்ன பண்றாஹ?" ருகையா தட்டைக் கழுவு தொட்டியில் வைத்தாள். முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "டேப்போட ஒரு நுனியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாஹ. கிளார்க்கு இன்னொரு நுனியப் பிடிச்சிக்கிட்டு நம்பர் சொல்றான். வாப்பா நுனி நழுவிட்டா, மாப்பு மாப்புன்னு மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பிடிக்கிறாஹ." அவர் அளந்து கொடுக்கிறார். தான் கட்டினதைத் தானே அளந்து கொடுக்கிறார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன். அதனால்தானே பதினான்கு பேருக்கும் கையெழுத்துப் போட்டார், ஒருத்தனிடம் வாங்கி இன்னொருத்தனுக்குக் கொடுத்து, கடைசியில் கொடுக்க ஆள் மிச்சமிருந்து வாங்க ஆள் இல்லாமல் போனபோது மஞ்சள் கடுதாசி கொடுத்தார். திவால் மனுவுக்கு ஊரில் அதுதான் பெயர். மஞ்சள் காகிதமே இல்லை அது, வெள்ளைக் காகிதம்தான், அவள் பார்த்தாள். "நீ மேல போகாதே இனிமே" என்றாள். "ஏன்?" "போகாதேன்னா போகாதே. தேங்காயைத் துருவு." ருகையா துருவ உட்கார்ந்தாள். பிறகு, சும்மா கேட்பது போல, "மாடி போயிட்டா ஒண்ணும் இல்லம்மா. நான் பி.எட். படிப்பேன்" என்றாள். பத்தொன்பது வயசில் இவ்வளவு பெரிய மனசு யாருக்கும் இருக்கக் கூடாது. அது பெரியவர்கள் செய்த தப்புக்குப் பிள்ளை கட்டுகிற வட்டி.

லிங்கதுரை கோர்ட்டில் போட்ட ஆட்சேபணையை அவள் மூன்று முறை படித்திருக்கிறாள், இதே பலகையில் உட்கார்ந்து, அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது தெரியாமல். அதில் இரண்டு வரி அவள் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றன. இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்ததால் எழுதினவருக்கே உறுத்தாமல் இருந்திருக்கும். மூன்றாம் பக்கத்தில்: கடனாளி மனைவியின் வீட்டில் மனைவியின் செலவிலேயே உண்டு உறங்கி வருகிறார், அவருக்கு ஜீவனச் செலவு எதுவும் இல்லை, எனவே இப்போது வேலை பார்க்கும் கடையில் அவர் வாங்கும் பதினாறாயிரம் ரூபாய் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கடனுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் பக்கத்தில்: கடனாளியின் மனைவி இல்லத்தரசி, மாடி கட்டியதில் அவருடைய பங்களிப்பு என்று எதுவும் இல்லை, வீட்டு வேலையும் சமையலும் குடும்பக் கடமை, அதற்கு மதிப்புக் கிடையாது. மூன்றாம் பக்கத்தில் அவள் ஆக்கிய சோறு காசு. ஆறாம் பக்கத்தில் அது சோறுகூட இல்லை. நடுவில் இருந்த இரண்டு பக்கத்தில் என்ன நடந்தது? அவள் அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். கடன்காரர்களின் பெயரும் தொகையும்தான் இருந்தன. சாத்தான்குளத்து முருகேச நாடார், மூன்று லட்சம். வக்கீல் குமாஸ்தா ஒருத்தர், எண்பதாயிரம். இவர்களுக்கெல்லாம் பெருநாளைக்கு வட்டிலப்பம் போயிருக்கிறது இந்த அடுப்பிலிருந்து. சட்டி திரும்பி வராது, அவளும் கேட்டதில்லை. சட்டிகளைக் கணக்கில் சேர்த்தால். இல்லை, சட்டி வரை போகக் கூடாது, சட்டி வரை போனால் கேட்பவன் சிரித்துவிடுவான், சிரித்துவிட்டால் மற்றதும் போய்விடும். மேலே நாற்காலியை இழுத்தார்கள். அது ருகையாவின் நாற்காலி. அதன் ஒரு கால் மட்டும் கிறீச்சிடும்.

உம்மா சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. நிக்காஹ் முடிந்த மறுநாள், இதே அடுப்படியில். மாப்பிள்ளையிடம் போதுமா என்று கேட்காதே. போதுமா என்றால் மனுஷன் போதும் என்றுதான் சொல்வான். கேட்காமல் வை. அவளும் கேட்காமல் வைத்தாள். முதல் வருஷம் அவர் தட்டைப் பார்க்காமலே சாப்பிடுவார், இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, யாராவது எழுப்பிவிட்டுவிடுவார்களோ என்பது மாதிரி. இரண்டாவது வருஷம்தான் ஒரு நாள், "ஆணத்துல புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குறை சொல்லிவிட்டார், அப்படியென்றால் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். கொடுத்ததைக் கணக்குப் பார்க்கிற வழக்கமும் கேட்கிற வழக்கமும் இந்த ஊரில் எந்தப் பெண் வீட்டுக்கும் கிடையாது. மாப்பிள்ளைச் சோற்றுக்கு விலை சொன்ன வீடு என்று ஒரு வீடு இருந்தால் அதை மூன்று தலைமுறைக்கு விரலால் காட்டுவார்கள். அதுதான் தடுக்கிறது. றாலை உரித்துக்கொண்டு இவ்வளவு நேரமும் அவள் சுற்றிச் சுற்றி வந்தது அந்த இடத்துக்குத்தான். சொல்ல வேண்டியது என்ன என்று அவளுக்கு நேற்றே தெரிந்துவிட்டது. மாடி அவர் காசுதான். சும்மா கட்டவில்லை, பதிலுக்குக் கட்டினார். பதிலுக்கு என்றால் எதற்குப் பதிலுக்கு என்று கேட்பார்கள். கேட்டால் சோற்றுக்கு என்று சொல்ல வேண்டும். அவர் காதுபட. அவர் படியில் நின்றுகொண்டிருப்பார், டேப்பின் நுனி கையில் இருக்கும், பெண்டாட்டி தன் வாயால், நாலு ஆண்கள் நடுவில், இவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர், சாப்பிட்டதற்குக் கட்டினார் என்று சொல்வாள். அன்று ராத்திரியே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? போவதற்கு எங்கே? தங்கச்சி வீட்டில் தங்கச்சி மாப்பிள்ளை இருக்கிறார். கடையில் படுப்பாரா? தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் வயசான ஆண்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள், ஏன் வீட்டுக்குப் போகாமல் இங்கே கிடக்கிறார்கள் என்று யோசித்தும் இருக்கிறாள்.

பால். இது பாலில் ஆரம்பித்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்த வாரம், ராத்திரிப் பாலை அவர் வேண்டாம் என்றார். வாயு என்றார். வாயு இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பிறகு இட்லி ஒன்று குறைந்தது. பிறகு மீன் துண்டு வாலாகக் கேட்க ஆரம்பித்தார், வாலுக்குத்தான் ருசி என்று. முன்னெல்லாம் கடையிலிருந்து வரும்போது கையில் ஏதாவது இருக்கும், ஒரு பக்கெட், மூடி உடைந்த டப்பா, பிள்ளைகளுக்கு மக்ரூன். இப்போது வெறும் கையோடு வருகிறவர், வெறும் கைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று அளந்து சாப்பிடுகிறார். அவர் மனசுக்குள்ளே கணக்கு ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு இப்போது, கடைசிப் பத்து றால் கையில் இருக்கும்போது, தோன்றியது. அவளாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. கணக்குப் பார்க்காத வீடு என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். லிங்கதுரை பார்த்துவிட்டார், கோர்ட் பார்க்கப் போகிறது, மைமூன் மாமி பார்த்துவிட்டாள், பால் தம்ளரைத் தள்ளி வைத்த கை பார்த்துவிட்டது. சோற்றுக்கு விலை போட்டாகிவிட்டது. விலை அவள் பக்கம் வரும்போது மட்டும் அது பாசம், கடமை, குடும்பம் என்று ஆகிவிடுகிறது. வெட்கப்பட வேண்டியவள் அவள் ஒருத்தி என்று யார் தீர்மானித்தது? கையை மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். மணம் போகவில்லை. போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் மத்தியானம் வரை இருக்கும். இருக்கட்டும். இந்தக் கையோடே போய் நிற்கலாம். துப்பட்டியை எடுத்து இழுத்துப் போர்த்தினாள். "உம்மா" என்றாள் ருகையா, தேங்காயைத் துருவிக்கொண்டே. "என்ன சொல்லப் போறீங்க?" "தேங்காய்ல ஓடு விழுது, பாத்துத் துருவு" என்றாள். மேலே செருப்பு படியைத் தொட்டது.

முதலில் செருப்பு, பிறகு குதிகால், பிறகு கிளார்க். கடைசியில் சத்தமில்லாதது. கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. மொகுதூம் உட்காரவில்லை, படியின் கடைசிக் கல்லில் நின்றார். டேப்பைச் சுருட்டிக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டார். கிதுர் பாத்திமா உள்வாசல் நிலையில் நின்றாள். கதவைச் சாத்தி இடைவெளியில் பேசுவதுதான் வழக்கம், முழுதும் திறந்துவைத்தாள். ரிசீவர் கண்ணாடியைத் துடைத்தார். "பணியாரம் நல்லா இருந்ததும்மா. ரெண்டு கேள்விதான். இந்த மாடி யாரு கட்டுனது?" "எங்க மாப்புள கட்டுனாஹ." "யாரு காசு?" "அவுஹ காசு." லிங்கதுரை கிளார்க்கைப் பார்த்தார், கிளார்க் எழுதினான். மொகுதூம் தரையைப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது. லிங்கதுரை எழுந்திருக்கவே ஆரம்பித்தார். "எழுதுங்க, இன்னும் முடியல" என்றாள். "சும்மா கட்டல. பதிலுக்குக் கட்டுனாஹ." "எதுக்குப் பதிலுக்கு?" என்றார் ரிசீவர். படியின் பக்கம் பார்க்கவில்லை. "மாடி கட்டுறதுக்கு முந்தி பதினாலு வருஷம் இந்த வீட்ல இருந்ததுக்கு, சாப்பிட்டதுக்கு. அந்த வீட்டு வாடகைக்கும் சோத்துக்கும் பதிலாத்தான் மாடி. அதுக்குப் பொறகு ஒம்பது வருஷம் சாப்பிட்டது இன்னும் பாக்கி நிக்கிது. உங்க பட்டியல்ல பதினாலு பேரு இருக்காஹ இல்ல, பதினஞ்சாவதா எம் பேரப் போடுங்க."

லிங்கதுரை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, கல்யாண வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. "ஏம்மா, புருஷனுக்குச் சோறு போட்டதுக்குக் கணக்கா? நல்ல குடும்பத்துப் பொம்பள பேசுற பேச்சா இது?" "நான் கணக்குப் போடல. நீங்க போட்டிருக்கீங்க, மூணாம் பக்கத்துல. அவருக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லன்னு. ஏன் இல்ல? நான் போடுறதால இல்ல. அத வச்சு அவுஹ சம்பளத்தக் கேக்குறீங்க. நீங்க கேக்கும்போது என் சோறு காசு, நான் கேக்கும்போது கடமையா?" "இது சட்டம்மா, உங்களுக்குப் புரியாது." "அப்பம் புரியிற மாதிரி எழுதிக்கிடுங்க" என்றாள். ரிசீவர் லிங்கதுரையின் பக்கம் கையைக் காட்டினார், இருக்கட்டும் என்கிற மாதிரி. அவர் முகத்தில் தமாஷ் போயிருந்தது. "எழுதுப்பா" என்றார் கிளார்க்கிடம். பிறகு அவளிடம், "எத்தனை வேளை?" அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. வேளையா? இருபத்து மூன்று வருஷத்தை வேளையாக்கினால் என்ன வரும் என்று மனசு ஓடி, பாதியில் நின்றது. "ரெண்டு வேளை" என்றாள், படியில் நிற்கிறவருக்காக ஒன்றைக் குறைத்து. "காலையும் ராத்திரியும். மத்தியானம் கடைல இருப்பாஹ." கிளார்க் பேனா நகர்ந்தது. அடுப்படியில் ருகையா துருவுவதை நிறுத்திவிட்டாள் என்பது கேட்டது. அவர் இப்போது வெளியே போவார், தெருவாசல் வழியாக, செருப்பைப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல், என்று கிதுர் பாத்திமா காத்திருந்தாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாள். போனாலும் எடுத்துக்கொள்ள மாட்டாள். அவருக்கும் சேர்த்துத்தானே சொன்னாள், இந்த வீட்டில் சும்மா சாப்பிட்டவர் இல்லை என்று சொன்னாள், இதைவிட மரியாதையாக இந்த ஊரில் யாரும் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதில்லை. அது அவருக்குப் புரியுமா?

"மூணு வேளை" என்றார் மொகுதூம். எல்லாரும் படியைப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். "மத்தியானமும் இங்கேருந்துதான் தூக்குச்சட்டியில போவும். மூணுன்னு போடுங்க." கிளார்க் அடித்துவிட்டு எழுதினான். "ராத்திரி ஒரு தம்ளர் பாலும்" என்றார். கிதுர் பாத்திமா அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அத நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு" என்றாள். "ஏழு மாசத்தக் கழிச்சிக்கிடுங்க" என்றார் அவர் ரிசீவரிடம், வியாபாரம் பேசுகிற குரலில். அந்தக் குரலை வீட்டில் அவள் கேட்டு வெகு நாளாகியிருந்தது. வாக்குமூலத்தின் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தில் றால் மணம் ஏறியது. அன்று ராத்திரி பால் தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள், கேட்கவில்லை. அவர் எடுத்துக் குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் தூக்கல்" என்றார்.

2018 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை, சார்பு நீதிமன்றம் அவள் வாக்குமூலத்தை ஏற்று மாடியைத் திவால் சொத்திலிருந்து நீக்கி உத்தரவிட்டது. கிதுர் பாத்திமாவைப் பதினைந்தாவது கடன்காரராகச் சேர்க்கும் கோரிக்கை தள்ளுபடி ஆனது. மொகுதூம் தன் சம்பளத்திலிருந்து மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும், கடனாளிக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லை என்றும் அதே உத்தரவின் கடைசிப் பத்தியில் இருந்தது.